வெட்டாமல் விட்ட துண்டு

என் வீட்டுக்காரர் செல்லமுத்துவுக்குப் பெருமை பேச உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அவருடைய தாத்தா மாயழகு ஊமைப் படத்தில் கதாநாயகனாக நடித்தவர். ஆட்டோவில் ஏறுகிற ஆளிடம் லுணுகலை டவுனைத் தாண்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். ஏறியவர் சிங்களவர் என்றால் சிங்களத்தில் சொல்வார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிறகு அந்தப் பேச்சு தொடங்கினாலே தையல் மெஷினை வேகமாக மிதிப்பேன். அந்தச் சத்தத்தில் கேட்காமல் போகட்டும் என்றுதான்.

அந்தப் பெருமையைத்தான் அந்த மனுஷன் எங்கள் மகள் துஷாந்தினியின் பரிசத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவிழ்த்து விரித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, அது பெற்ற பிள்ளை கெட்டது.

மாப்பிள்ளை அஜந்தன் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் வாத்தியார். என் மகள் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பசறையில் பஸ் மாறுகிற இடத்தில் பழக்கமாகி, அது காதலாகி, இரண்டு வீட்டிலும் ஒரு குறையும் சொல்லாமல் சம்மதித்தோம். நல்ல பையன். அவனுடைய அப்பா கந்தப்பன் அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர். யார் யாரைக் கட்டலாம், யார் யாருக்கு என்ன முறை என்று பத்துத் தோட்டத்துக்கு நியாயம் சொல்கிற ஆள். அப்படிப்பட்ட சம்பந்தி கிடைத்தது எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

தட்டு மாற்றுகிற நேரம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், சேலை எல்லாம் வைத்த தட்டைக் கந்தப்பன் கையில் எடுத்துவிட்டார். எடுத்த கையோடு, உங்கள் ஆட்கள் முதலில் எந்தத் தோட்டம் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். இவர் பேசாமல் இருந்திருக்கலாம். லுணுகலை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "நாங்களும் ஆதியில மடுல்சீமைப் பக்கந்தாங்க. எங்க தாத்தா உங்க தோட்டத்துலதான் இருந்தாரு. ஊமைப் படத்துல நடிச்சாரே, மாயழகு, அவருதான்" என்றார்.

கந்தப்பன் தட்டைத் திரும்பப் பாயில் வைத்தார்.

"தாலி கட்டுன மாயழகா?" என்று கேட்டார்.

இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஆமாங்க என்றார். கந்தப்பன் எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அவரோ நேரே வந்து என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்று சொல்லி அழுதார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது இதுதான்.

அந்தப் பழைய கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முந்தி, வெள்ளைக்காரன் காலத்தில், படத்துக்கு இன்னும் பேச்சு வராத காலத்தில், பதுளை அரசாங்கக் கச்சேரியில் குமாரசிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார். அவரும் பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த மொஹிதீன் முதலாளியும் சேர்ந்து 'ஊவா ஜோதி பிலிம் கம்பெனி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கிளார்க்குக்கு சினிமாப் பைத்தியம். முதலாளிக்குக் கிளார்க்கின் பேச்சில் மயக்கம். வெளியூரிலிருந்து கமராவும் ஆளும் கொண்டுவந்து, மடுல்சீமைத் தோட்டத்திலேயே படம் எடுத்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்த மாயழகு கதாநாயகன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராக்கம்மா என்ற பெண் கதாநாயகி. அந்த இராக்கம்மாதான் கந்தப்பனுடைய அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவள்.

கதையில் ஒரு கல்யாணம் வருகிறது. கல்யாணத்தைத் தோட்டத்துக் கோயிலிலேயே எடுத்தார்கள். வேடிக்கை பார்க்கிற கூட்டம் உள்ளே வந்து கமராவுக்குள் நிற்கிறதென்று கோயிலைச் சுற்றித் தட்டி கட்டி மறைத்துவிட்டார்கள். இராக்கம்மா கூறைச் சேலையோடு உள்ளே போனதைத் தோட்டமே பார்த்தது. கம்பெனி வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஐயரும் மேளக்காரரும் போனார்கள். ஹோமப் புகை தட்டிக்கு மேலே வந்தது. கெட்டிமேளம் கொட்டியது. ஊமைப் படத்துக்கு மேளம் எதற்கு என்று அந்தக் குமாரசிங்கத்தை அன்றைக்கு ஒரு ஆளாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மேளச் சத்தம்தான் எங்கள் தலையில் விடிந்தது.

படம் வெளியே வரவே இல்லை. மழைக்காலம் வந்தது, கமரா பழுதானது, கிளார்க்கும் முதலாளியும் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள், அந்தத் தீபாவளிக்கு முன்னால் கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்பெனி போனது, பேச்சு போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? மாயழகு இராக்கம்மாவுக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டான் என்று தோட்டம் முடிவு செய்தது. மாயழகு பேச்சுப் பொறுக்காமல் லுணுகலைப் பக்கம் வந்துவிட்டார். இராக்கம்மாவை கருப்பையா என்ற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முதல் பிள்ளை பிறந்ததும், தாலி கட்டியவன் ஒருத்தன், தகப்பன் ஒருத்தனா என்று பேசினார்கள். அந்தப் பிள்ளைக்கு வைத்த பட்டப்பெயர் 'படத்துப் பிள்ளை'. அவர்தான் கந்தப்பனுடைய அப்பா.

அந்தத் தாலி மெய் என்றால் படத்துப் பிள்ளை மாயழகின் பிள்ளை. கந்தப்பன் மாயழகின் பேரன். என் வீட்டுக்காரரும் மாயழகின் பேரன். இரண்டு பேரும் பங்காளிகள், அண்ணன் தம்பி. அப்படியென்றால் அவர்கள் பிள்ளைகள்? அண்ணன் தங்கச்சி.

கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. படத்தில் கட்டுகிற தாலியெல்லாம் தாலி என்றால் சினிமாக்காரன் ஒவ்வொருவனுக்கும் எத்தனை பெண்டாட்டி என்று கேட்டேன். கந்தப்பன் என் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். இப்போது நான் தம்பி பெண்டாட்டியாம். தம்பி பெண்டாட்டியை மூத்தார் முகம் பார்த்துப் பேசக்கூடாதாம்.

"சினிமாக்காரன் பொய்த் தாலி கட்டுறான். இது கோயில்ல, ஐயரு மந்திரம் சொல்லி, கெட்டிமேளம் கொட்டிக் கட்டுன தாலி. தோட்டமே கேட்டுச்சு."

என் மகள் படித்த பெண். கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், இரத்தம் சோதித்துப் பார்க்கலாம், இப்போது அதற்கெல்லாம் வசதி இருக்கிறது என்றாள். கந்தப்பன் அவளைப் பாவம் போலப் பார்த்தார். "முறைங்கிறது ரத்தத்துல இல்ல பிள்ள. தாலியில இருக்கு" என்றார்.

அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவரோ அடுத்த வாரமே தம்பி வீட்டுக்கென்று பஸ்ஸில் கொல்லையில் விளைந்த மரக்கறி, கோவாவும் லீக்ஸும் கொடுத்துவிட்டார். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத என் வீட்டுக்காரர் அந்த உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே அனுப்பியிருக்காரு" என்றார். சந்தோஷத்தை மறைக்கக்கூடத் தெரியவில்லை. அந்தக் கோவாவை நான் சமைக்கவில்லை, பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். மாடு நன்றாகத் தின்றது.

அஜந்தன் ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டானாம். அப்பாவின் தலைவர் பதவியும் வேண்டாம், கோயிலில் மரியாதையும் வேண்டாம் என்றானாம். உண்மையைச் சொன்னால், அவள் சரி என்று சொன்னால் நானே பதுளைக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது என்று மனசில் நினைத்திருந்தேன். ஆனால் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன், ஏண்டி, பயமா என்று. அவள் சோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பயமில்லம்மா. ஒரே ஒரு தடவ அவர அண்ணன்னு நெனச்சுப் பாத்துட்டேன். அந்த நெனப்பு போக மாட்டேங்குது."

ஊர் பேசினால் ஊரோடு மல்லுக்கு நிற்கலாம். பிள்ளையின் மனசுக்குள் போன பேச்சோடு யார் மல்லுக்கு நிற்பது? அவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். அஜந்தனின் போனை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு ஒரு வேகம் வந்தது. தோட்டமே கேட்டது என்றாரே, தோட்டத்தில் ஒருவராவது பார்த்தாரா? கேட்டதைத்தானே நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

மொஹிதீன் முதலாளியின் கடை இன்னும் பதுளையில் இருக்கிறது. நான் நூலும் லைனிங் துணியும் வாங்குவதே அங்கேதான். இப்போது பேரன் ஜௌபர் பார்க்கிறார். போய் நேராகவே கேட்டேன். அந்தக் கம்பெனிப் பெயரை எடுத்தாலே தன்னுடைய வாப்பா எழுந்து போய்விடுவார் என்று சிரித்தார். பிறகு, அந்தக் கிளார்க்கின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி பிரசாந்தினி என்று பதுளையில் டீச்சராக இருக்கிறாள், போன மாதம்தான் தன்னிடமும் வந்து இதே கதையைக் கேட்டாள் என்று சொல்லி அவளுடைய நம்பரைத் தந்தார்.

பிரசாந்தினி டீச்சர் சின்னப் பெண். நான் மாயழகு வீட்டு மருமகள் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களைத்தான் நான் தேடிக்கொண்டு திரிஞ்சனான்" என்றாள். படச்சுருள்களைக் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்விட்டாராம். தகரப் பேணிகளில் அடைத்து ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தனவாம். சண்டை நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும்போதும் இவள் அப்பம்மா அந்தப் பெட்டியை விடவில்லையாம். கடைசியில் திறந்து பார்த்தால் எல்லாம் பிசுபிசுத்து, தூளாகி, மூக்கைப் பொத்துகிற நாற்றம். ஒரே ஒரு சுருள் மட்டும் தப்பியிருந்தது. அதை வெளிநாட்டில் பழைய படங்களைக் காப்பாற்றுகிற ஒரு இடத்துக்கு அனுப்பி, சுத்தம் செய்து, கம்பியூட்டரில் பார்க்கிற மாதிரி வாங்கியிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் காதில் விழுந்ததும் பாதி, விழாததும் பாதி. அந்தச் சுருளில் கல்யாணம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. தாலி கட்டுறது வடிவாத் தெரியுது. கிட்டவா வச்சு எடுத்திருக்கினம்."

என் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று நினைத்தேன். அவள் சிரித்த முகத்தோடு கம்பியூட்டரைத் திறந்து, இப்பவே பார்ப்போம் வாருங்கள் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விஷயம் முழுவதையும் சொன்னேன்.

பார்த்துவிட்டுப் போய் நல்லது சொன்னால் கந்தப்பன் நம்பமாட்டார், இவள் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டாள் என்பார். பார்த்து, அது நல்லதாக இல்லாவிட்டால் நான் அதை மகளிடம் மறைக்கவேண்டி வரும். என் முகத்தில் எதுவும் நிற்காது, தாளித்த கடுகு போல வெடித்துவிடும். எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே நேரத்தில் பார்ப்பது, மெய்யோ பொய்யோ அன்றோடு முடிப்பது என்று தீர்மானித்தேன். பிரசாந்தினி முகம் சுருங்கிப் போனாள். தானும் வருகிறேன் என்றாள்.

கந்தப்பன் முதலில் மறுத்தார். செத்தவர்களைக் கிளறக்கூடாது என்று மகனிடம் சொல்லி அனுப்பினார். அவர் அப்பாயியின் முகம் அதில் இருக்கிறது, ஒரு போட்டோகூட இல்லாத மனுஷிதானே என்று நான் திரும்பச் சொல்லியனுப்பினேன். அதற்கு அவரால் மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள் என்று பதில் வந்தது.

என் வீட்டுக்காரர், நான், மகள், பிரசாந்தினி நாலு பேரும் பசறை வழியாக ஏறினோம். மடுல்சீமை பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துக்குள் ஆட்டோ போகிற வரைக்கும் போய், பிறகு மண் பாதையில் நடந்தோம். துஷாந்தினி வருகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசாந்தினியின் காலில் அட்டை ஏறியதைப் பிடுங்கிப் போட்டபோது மட்டும், பயப்படாதீங்க டீச்சர் என்றாள்.

லய வீட்டு வரிசையில் கந்தப்பன் வீட்டு முன் அறையில் டீவி. பாய் விரித்திருந்தார்கள். அவர் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். கந்தப்பன் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற வேட்டியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து வாங்க என்றார். பிரசாந்தினி கொண்டுவந்த பென் டிரைவை அஜந்தன் டீவியில் சொருகினான். என் மகளும் அவனும் அறையின் இரண்டு மூலையில் நின்றார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை, மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக. ஆட்கள் எல்லாரும் யாரோ துரத்துகிற மாதிரி வேகமாக நடந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. முதலில் கொழுந்து மலை. கூடையும் தலைத்துணியுமாக ஒரு பெண் திரும்பினாள். மூக்குத்தி பளிச்சென்றது. பறிப்பதை மறந்துவிட்டுக் கமராவையே பார்த்தாள், யாரோ அதட்டியிருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி பறித்தாள்.

"அப்பாயி" என்றார் கந்தப்பன். எழுந்து நின்றுவிட்டார். கிழவியாக மட்டுமே பார்த்த மனுஷியை மகள் வயசில் பார்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? அவர் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு யாரோ ஒரு எழுத்துப் பலகையைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார்கள். 'சுந்தரவல்லி மணக்கோலம் பூண்டாள்' என்று போட்டிருந்தது, கதாநாயகிக்கு அந்தப் பெயர் போல. கோயில், ஐயர், ஹோமம், மேளக்காரர்கள். மாயழகு மாலையோடு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அதே மூக்கு, அதே அசட்டுச் சிரிப்பு. பக்கத்தில் மணப்பெண். தலை குனிந்து, மாலையும் பூவும் முகத்தை மறைக்க உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர் அடித்தது தெரிந்தது, சத்தம் இல்லை. மாயழகு தாலியை எடுத்தார். கமரா கிட்டே போனது. மூன்று முடிச்சையும் அவசரமில்லாமல், அழுத்தமாகப் போட்டார்.

"போதும், நிப்பாட்டு" என்றார் கந்தப்பன்.

என் மகள் வெளியே போய்விட்டாள். வாசலில் அவள் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அஜந்தன் ரிமோட்டை நீட்டினான். எனக்கு மட்டும் அந்தப் படத்தில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று யோசித்தேன். ரவிக்கை. வாழ்நாளெல்லாம் ரவிக்கை தைத்தவள் நான். மணப்பெண்ணின் ரவிக்கை தோளில் பிடிக்காமல், அக்குளில் தையல் விட்டுப்போகிற மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. கொழுந்து மலையில் பார்த்த அந்த ஒட்டடைக் குச்சிப் பெண்ணுக்கு இத்தனை அகலத் தோளா?

"நிப்பாட்டாத. ஓட விடு" என்றேன். அறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

பிரசாந்தினி என் தோளைத் தொட்டாள். "இதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை அக்கா. வேண்டாத துண்டுதான். கமராவை நிப்பாட்ட மறந்திட்டினம். வெட்டி ஒட்டுறதுக்கு முந்தியே கம்பெனியை மூடினபடியா அப்பிடியே கிடக்குது. நானே அதை ஒழுங்காப் பாக்கேல்லை" என்றாள்.

அந்த வேண்டாத துண்டு ஓடியது. ஐயர் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். மேளக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். மணப்பெண் மாலையைக் கழற்றி அந்தப் பக்கம் போட்டாள். பிறகு தலையில் கை வைத்துப் பூவோடும் சடையோடும் முடி முழுவதையும் தொப்பி மாதிரிக் கழற்றினாள். உள்ளே ஒட்ட வெட்டிய கிராப்பு. கூறைச் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, ரோமம் அடர்ந்த இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தாள். இனி வைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மாயழகு ஹோமத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பற்ற வைத்தார். கழுத்தில் தாலி தொங்க, அந்த ஆள் கண்ணை மூடிப் புகை விட்டான்.

அந்த நேரம் ஓரத்திலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மூக்குத்தி. இராக்கம்மா. பீடி பிடிக்கிற மணப்பெண்ணைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் கழுத்தில் பாசிமணியைத் தவிர ஒன்றும் இல்லை. அதோடு படம் வெள்ளையாகிப் போனது.

முதலில் சிரித்தது கந்தப்பனின் மனைவி. அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபடி இருந்தார்.

எனக்கு ஆத்திரமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. "மாசி மாசம் இதே தோட்டத்துல காமன் கூத்து ஆடுறீங்கல்ல, தலைவரே? ரதி வேஷம் கட்டுறது ஆம்பளதான? வருஷா வருஷம் மன்மதன் அவனுக்குத் தாலி கட்டுறானே, அதுக்கு என்னைக்காவது முறை பேசியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பெண்ணைப் பெற்றவர்கள் நடிக்கச் சம்மதித்தாலும் தாலிக்குச் சம்மதித்திருக்கமாட்டார்கள், அதனால்தான் கூத்துக்காரன் ஒருவனைப் பிடித்து, அவள் உடுத்திப் போன கூறையையும் ரவிக்கையையும் போட்டு அலங்கரித்திருப்பார்கள் என்றாள் பிரசாந்தினி. இருக்கலாம். அந்தக் கூத்துக்காரன் யார், எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. எவனாக இருந்தாலும் அவன் காலில் விழுந்து கும்பிடலாம் என்று இருந்தது. அந்தப் பாழாய்ப்போன கம்பெனி இன்னும் ஒரு வருஷம் ஓடியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்திருப்பார்கள். தாலி மட்டும் மிஞ்சியிருக்கும். மழை பெய்து, கமரா கெட்டு, இரண்டு முதலாளியும் அடித்துக்கொண்டு கடையை மூடினார்களே, மாரியாத்தா அவர்கள் குலத்தை நல்லா வைத்திருக்கட்டும்.

அஜந்தன் வெளியே ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மகள் ஒற்றைச் செருப்போடு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றாள். இவன் போய் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சிரிப்பு முந்திக்கொண்டது. சொல்ல முடியாமல் பீடி இழுக்கிற மாதிரிக் கையை வாயில் வைத்துக் காட்டினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியமா பிடித்திருக்கிறது என்ற மாதிரிப் பார்த்தாள். பிறகு அவன் சொல்லி முடித்தான் போல. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே கீழே உட்கார்ந்தாள். எழுந்தபோது அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூன்று மாதமாக மூச்சே விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே கந்தப்பன் அந்தக் கடைசித் துண்டை மறுபடி போடச் சொன்னார். இராக்கம்மா சிரிக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பீடி பிடிக்கிறவனை அவர் பார்க்கவே இல்லை. டீவிக்குக் கிட்டே போய்க் குந்தி, அந்தச் சின்னப் பெண்ணின் வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகுற வரைக்கும் அது நான் இல்லடான்னு சொன்னாங்க. நாங்க ஒருத்தரும் நம்பல. எங்கப்பாவே நம்பல" என்றார்.

அவர் தோள் குலுங்கியது. அந்த மனுஷன் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அவர் எங்களைக் கெடுக்க நினைக்கவில்லை. அப்பா போன நாளிலிருந்து, ஆடி அமாவாசைக்கு ஐயர் தாத்தா பெயர் கேட்கும்போது எந்தப் பெயரைச் சொல்வதென்று தெரியாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு வந்தவராம் அவர். மனைவிதான் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். தன் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்பா பெயரிலிருந்துதான் தொடங்கினாராம்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார், சுவரையோ நிலையையோ அல்ல.

"தங்கச்சி, ஆவணியில தேதி பாப்போம்" என்றார். வாசலைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார். "டேய் அஜந்தா, பத்திரிகை அடிக்கக் குடுக்குறப்ப மொத வரியில என் தாத்தா பேரப் போடு. கருப்பையா. பெரிய எழுத்துல போடு. எட்ட நிக்கிறவனுக்கும் தெரியணும்."

கல்யாணப் பத்திரிகையில் பொண்ணு மாப்பிள்ளை பேர்தான் பெரிசாக இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டேன்.